டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்... கப்பலில் ஏறியவர் கரை இறங்கவே இல்லை! யார் இந்த ருடால்ஃப் டீசல்?

தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் பஸ்ஸில் ஏறினால் காதில் விழும் முதல் சத்தம் டீசல் இன்ஜினுடையது. வயலில் டிராக்டர், ரோட்டில் போர்வெல் லாரி, கரண்ட் போனால் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் என்று எல்லாமே டீசல்தான். ஒரு நாளில் எத்தனை தடவை இந்த வார்த்தையைச் சொல்கிறோம்! ஆனால் இது ஒரு எண்ணெயின் பெயராகப் பிறக்கவில்லை. ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் கண்டுபிடித்தது இன்ஜினைத்தான். எண்ணெய்க்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

பாப்பாரப்பட்டியை ஏன் சொல்கிறோம் என்றால், அங்கேதான் தியாகி சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு தோளோடு தோள் நின்றவர் அவர். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் 'காலியா', 'லாவோ' இரண்டும் நீராவிக் கப்பல்கள். நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டால்தான் நகரும். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் கடலில் அதுதான் நிலைமை. அதே வருடங்களில், ஜெர்மனியில் ஒரு மனிதர் அந்த நீராவிக்கே முடிவு கட்டும் வேலையில் இருந்தார். அவர்தான் ருடால்ஃப் டீசல்.

அகதியாகத் தொடங்கிய சிறுவன்

1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா தியோடர், தோல் பொருட்கள் செய்யும் கைத்தொழிலாளி. அப்பா அம்மா இருவரும் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகப் பாரிஸ் வந்த குடும்பம்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. ஜெர்மன்காரர்கள் எல்லாம் வெளியேற வேண்டிய நிலை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம். 12 வயதுப் பையனை, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். அங்கே படிப்புதான் அவருக்குத் துணை. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1879-ல் கடைசித் தேர்வு நேரத்தில் டைஃபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அடுத்த தேர்வுக்குக் காத்திருந்து 1880-ல் எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார்.

கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதன இயந்திரங்களின் முன்னோடி. நீராவி இன்ஜினில் போடும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்பதை லிண்டேயின் வகுப்பில்தான் டீசல் தெரிந்துகொண்டார். நம்ம கணக்கில் சொன்னால், 100 ரூபாய்க்கு நிலக்கரி வாங்கிப் போட்டால் 90 ரூபாய்க்கு மேல் புகைபோக்கி வழியாகவும் சூடாகவும் வீணாகப் போகிறது. இந்த ஒரு கணக்கு அவரை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடவில்லை என்றே சொல்லலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. நீராவி இன்ஜின் பெரிய முதலாளிகளுக்கான பொருள். பாய்லர், நிலக்கரிக் கிடங்கு, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் என்று செலவு எகிறும். தன் அப்பா மாதிரி சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களால் அதை வாங்க முடியாது. சிறு தொழிலாளியும் வைத்து ஓட்டக்கூடிய, குறைந்த எரிபொருளில் அதிக வேலை செய்யும் ஒரு இன்ஜின் வேண்டும் என்பது டீசலின் ஆசை.

சைக்கிள் பம்பில் இருக்கும் ரகசியம்

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் ஐஸ் இயந்திரத் தொழிலில் பாரிஸில் வேலை. 1883-ல் மார்த்தா என்பவரோடு திருமணம். மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ் மெஷின், மற்ற நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியில் ஓடும் இன்ஜினைச் செய்ய வருடக்கணக்கில் முயன்றார். சரிப்பட்டு வரவில்லை. பிறகுதான் வெறும் காற்றுப் பக்கம் திரும்பினார்.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம். டீசல் கேட்ட கேள்வி இதுதான்: காற்றை 30 மடங்குக்கு மேல் அழுத்தம் வரும்படி அமுக்கினால் என்ன ஆகும்? 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்த நேரத்தில் எண்ணெயை உள்ளே பீய்ச்சினால் தீக்குச்சி வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம், தானாகவே பற்றிக்கொள்ளும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு வெப்பம் வேலையாக மாறும்.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1893-ல் பெற்றார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் பணம் போட்டன. 1893 ஆகஸ்ட் 10, முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, அழுத்தம் எகிறி அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் தப்பியதே பெரிது. ஆனால் டீசலுக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டதே!

1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் முதன்முறையாகத் தானாக ஓடியது, சுமார் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்திலிருந்து நம்பிக்கையான இன்ஜினுக்கு வர மூன்று வருடம் ஆனது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரப்பூர்வமாகச் சோதித்தார். சுமார் 20 குதிரைசக்தி. செயல்திறன் 26.2 சதவீதம். நீராவியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உலகமே திரும்பிப் பார்த்தது.

காசு வந்தது, நிம்மதி போனது

40 வயதுக்குள் கோடீஸ்வரர். அமெரிக்க உரிமைக்கு மட்டும் பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்தார். ஆனால் முதலில் விற்ற இன்ஜின்கள் பழுதாகித் திரும்பி வந்தன. காப்புரிமை மீது வழக்குகள். காப்புரிமையில் எழுதிய கொள்கை ஒன்று, கடைசியில் ஓடிய இன்ஜின் வேறு என்று போட்டியாளர்கள் கிளம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. காகிதத்தில் போட்ட கணக்கு இரும்பில் நடக்காது என்று தெரிந்ததும் டீசல் வழியை மாற்றிக்கொண்டது நிஜம். அதற்காக அவர் கண்டுபிடிக்கவே இல்லை என்று சொல்வது அநியாயம். கடும் தலைவலி, மனச்சோர்வு, ஓய்வு இல்லம் என்று உடம்பு படுத்தியது. நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்துகொண்டே போனது.

இதற்கு நடுவில் 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆமாம், நம்ம வீட்டில் வடை சுடும் அதே கடலை எண்ணெய்! பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் செய்த சோதனை அது. பெட்ரோலியம் கிடைக்காத நாடுகள் தங்கள் மண்ணில் விளையும் எண்ணெயிலேயே இன்ஜின் ஓட்டலாம் என்பதில் டீசலுக்கே பிறகு ஆர்வம் வந்தது. இன்றைக்குப் புங்க எண்ணெயில் பயோடீசல் எடுப்பதெல்லாம் அந்த வரிசையில் வருவதுதான்.

கடலைப் பிடித்த இன்ஜின்

1912 பிப்ரவரி. டென்மார்க்கில் கட்டிய 'செலாண்டியா' கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கிளம்பியது. 1,250 குதிரைசக்தி கொண்ட இரண்டு டீசல் இன்ஜின்கள். வழக்கமான பெரிய புகைபோக்கியே கிடையாது. துறைமுகங்களில் ஜனங்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். நிலக்கரி அள்ளிப்போடும் ஆட்கள் தேவையில்லை. கரி நிரப்ப அங்கங்கே நிற்கவும் தேவையில்லை. வ.உ.சி.யும் சிவாவும் சிறையிலிருந்து வெளியே வந்த வருடமும் 1912-தான். சுதேசி கப்பல் கம்பெனி அதற்குள் மூழ்கிப்போயிருந்தது. சிறையில் தொழுநோய் பிடித்த சிவாவை பிரிட்டிஷ் அரசு ரயிலில் ஏறவிடவில்லை. நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனவர், 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில்தான் கண் மூடினார்.

டீசலின் முடிவு இன்னும் விசித்திரமானது. 1913 செப்டம்பர் 29 மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 'டிரெஸ்டன்' கப்பலில் ஏறினார். இங்கிலாந்துப் பயணம். அதுவும் ஒரு நீராவிக் கப்பல் என்பது விதியின் விளையாட்டு. இரவு 10 மணி வாக்கில் அறைக்குப் போனார், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு. காலையில் பார்த்தால் படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் இருந்தன. ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைப் பார்த்தது. அடையாளமே தெரியாத நிலை. பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி. அவை அப்பாவுடையவை என்று மகன் ஓய்கன் அடையாளம் காட்டினார். கிளம்பும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கப் பணமும், வங்கிக் கணக்குகள் காலி என்று காட்டும் காகிதங்களும். தற்கொலையா, கொலையா, தவறி விழுந்தாரா? நிலக்கரி முதலாளிகள், எண்ணெய் முதலாளிகள், ஜெர்மன் உளவாளிகள் என்று யூடியூபில் இன்றைக்கும் கதை ஓடுகிறது. எதற்கும் ஆதாரம் இல்லை. காலியான கணக்குகளைப் பார்த்தால் முதல் காரணத்தின் பக்கம்தான் மனசு சாய்கிறது.

26-லிருந்து 50... ஆனால் புகை?

டீசல் செத்த பிறகுதான் அவர் இன்ஜின் முழுசாக வளர்ந்தது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் விசிறியைச் சுழற்றி, அதிகக் காற்றை உள்ளே திணிக்கும் டர்போசார்ஜர் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி அதற்கு 1905-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். இன்று பெரிய சரக்குக் கப்பல்களின் இன்ஜின்கள் 50 சதவீதச் செயல்திறனைத் தொடுகின்றன. 2006-ல் 'எம்மா மேர்ஸ்க்' கப்பலில் பொருத்திய 14 சிலிண்டர் இன்ஜினின் எடை சுமார் 2,300 டன். சக்தி ஒரு லட்சம் குதிரைசக்திக்கும் மேல். நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுதான். மெதுவாகச் சுற்றுவதால் எரிபொருள் எரிய நேரம் கிடைக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், செயல்திறனைக் கொடுக்கும் அதே சூடுதான் விஷத்தையும் கொடுக்கிறது. உள்ளே வெப்பம் ரொம்ப ஏறினால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். அதைக் குறைக்க வெப்பத்தை இறக்கினால் எண்ணெய் சரியாக எரியாமல் கரும்புகை. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தூக்கும்.

அதனால் இரண்டையும் இன்ஜினுக்குள்ளேயே தீர்க்காமல், ஒன்றைப் புகைக்குழாயில் தீர்க்கிறார்கள். புது லாரிகளில் டிரைவர்கள் தனி டேங்கில் யூரியா ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வயலுக்குப் போடும் உரம் இல்லை, 32.5 சதவீதச் சுத்தமான யூரியா கலந்த தண்ணீர். சூட்டில் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடை உடைத்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியே விடும். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா பி.எஸ்-4-லிருந்து நேராக பி.எஸ்-6-க்குத் தாவியது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கப்பல்களுக்கும் அதே வருடம் ஜனவரி 1-ல் உலக அளவில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. லாரிக்கும் கப்பலுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த எண்களிலேயே பார்க்கலாம். 0.5 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 5,000 பங்கு!

கார்பன் டை ஆக்சைடுக்கு இப்படி வடிகட்டி எதுவும் போட முடியாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ வரும், எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும். குறைவாக எரிக்கணும், இல்லை எரிபொருளையே மாற்றணும். கப்பல் வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே அதே தூரத்துக்கு ஏறக்குறைய 20 சதவீத எரிபொருள் மிச்சம். எந்தக் கருவியும் வாங்காமல் கிடைக்கும் லாபம் இது.

சின்ன ஆளுக்கான இன்ஜின் என்ற டீசலின் ஆசை என்ன ஆனது? அவர் காலத்தில் அது நடக்கவில்லை. கப்பல், நீர்மூழ்கி, மின்நிலையம் என்று பெரிய இடங்களுக்குத்தான் போனது. ஆனால் பல வருடம் கழித்து, கரண்ட் கம்பி வராத கிணறுகளில் ஏற்றத்தை நிறுத்தி ஆயில் இன்ஜின் வைத்து நீர் இறைத்தார்கள் நம்ம தாத்தாக்கள். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்து, தடதடவென்று விடிய விடிய ஓடிய அந்த இன்ஜினைத்தான் பாரிஸ் தோல் தொழிலாளியின் மகன் மனசில் வைத்திருந்தார்.

எரிபொருளை மாற்றும் வேலையும் தொடங்கிவிட்டது. மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பல்கள் கடலில் இறங்கிவிட்டன. அடுத்ததாக, கார்பனே இல்லாத ஒரு எரிபொருளில் பெரிய கப்பல் இன்ஜின்களை ஓட்டிச் சோதிக்கிறார்கள். டீசல் இளம் வயதில் வருடக்கணக்கில் போராடிக் கைவிட்ட அதே அமோனியாதான் அது.