உழைத்துண்ட உத்தமர் பாயி லாலோ

மாட்டுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சீக்கிய சகோதரர்கள் அந்நியர் அல்லர். 1947 ஆம் ஆண்டில் நாட்டுப் பிரிவினை நேர்ந்தபோது வீடு வாசல் இழந்து வந்த பஞ்சாபியர் பலர், நமக்கு அண்மையிலுள்ள சயான் கோலிவாடாவில் குடியேறினர். இன்று அவ்விடத்து ரயில் நிலையம் குரு தேஜ்பகதூர் நகர் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது. அவர்களுடைய குருத்துவாராக்களில் ஜாதியும் மதமும் கேளாது, வந்தோரை வரிசையாக அமர்த்தி உணவிடும் வழக்கம் உண்டு. லங்கர் எனப்படும் அப்பந்தியில் நம்மவர் பலரும் அமர்ந்து உண்டிருப்பர். பந்தி எதுவாயினும் அதன் பெருமை பண்டத்தில் இல்லை, அதை ஈட்டிய கையில் இருக்கிறது என்பதை விளக்கும் ஒரு தச்சரின் சரிதத்தை, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சுருக்கமாக வரைய முற்படுகிறோம்.

அத்தச்சரின் பெயர் லாலோ. சகோதரர் என்று பொருள்படும் பாயி என்ற சொல்லைச் சேர்த்துச் சீக்கியர் அவரைப் பாயி லாலோ என்று அழைப்பர். அவர் வாழ்ந்த ஊர் சைத்பூர். பிற்காலத்தில் எமினாபாத் என்று பெயர் பெற்ற அவ்வூர், இப்போது பாகிஸ்தானில் குஜ்ரான்வாலா மாவட்டத்தில் உள்ளது. லாலோ பெரும் பண்டிதர் அல்லர்; போர் புரிந்த வீரரும் அல்லர். உளியும் வாய்ச்சியும் கொண்டு மரவேலை செய்து, அதனால் வந்த கூலியில் தம் குடும்பத்தைக் காத்து, வாசலுக்கு வந்தவர்க்கும் ஒரு பங்கு அளித்து, இறைவன் நாமத்தை இடைவிடாது நினைந்து வாழ்ந்த இல்லறத்தார். தச்சுத் தொழில் செய்வோரை உயர்குலத்தார் தாழ்வாக எண்ணிய காலம் அது.

இத்தகையவரின் இல்லத்திற்குத்தான் குரு நானக் எழுந்தருளினார். 1469 ஆம் ஆண்டில் தல்வண்டியில் கத்ரி குலத்தில் தோன்றிய அம்மகான், ரபாப் வாசிக்கும் இசுலாமிய அன்பர் மர்தானாவுடன் நாடெங்கும் யாத்திரை செய்து வருகையில் சைத்பூரை அடைந்தார். ஊரில் மாடமாளிகைகள் பல இருக்க, குருநாதர் தேர்ந்தது தச்சரின் எளிய வீட்டை. ஆசாரம் கெடாமல் உணவு படைக்க வேண்டுமே என்று லாலோ கலங்கியதாகவும், உழைக்கும் இடம் அனைத்தும் தூயதே என்று குருநாதர் அவரைத் தேற்றியதாகவும் கூறுவர். அன்று பரிமாறப்பட்டது வரகு ரொட்டி. புல்வேளூரில் பூதன் இட்ட வரகரிசிச் சோற்றை நம் ஔவைப் பிராட்டி பாடிப் புகழ்ந்த செய்தியை அறிந்தவர்களுக்கு இவ்விருந்தின் சுவை எளிதில் விளங்கும்.

உயர்குலத்துப் பெரியவர் ஒருவர் தச்சர் வீட்டில் தங்கி உண்கிறார் என்ற செய்தி ஊரில் பரவிற்று. அச்சமயம் சைத்பூரில் அதிகாரம் செலுத்தி வந்த மாலிக் பாகோ என்பவர் பெரும் விருந்து ஒன்றை நடத்தி, சாதுக்கள் அனைவரையும் அழைத்திருந்தார். குரு நானக் செல்லவில்லை. சினம் கொண்ட அதிகாரி அவரைத் தம் முன் வருவித்துக் காரணம் வினவினார். குருநாதர் ஒரு கையில் லாலோவின் ரொட்டியையும் மறு கையில் பாகோவின் பலகாரத்தையும் ஏந்திப் பிழிந்தார் என்றும், தச்சரின் ரொட்டியிலிருந்து பாலும், ஏழைகளை வருத்திச் சேர்த்த பொருளால் ஆன பலகாரத்திலிருந்து இரத்தமும் வடிந்தன என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. இதனை அற்புதம் என்று கொள்வாரும் உளர். உருவகம் என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும் அதன் கருத்து ஒன்றே.

இவ்விடத்தில் நம்மைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறோம். நாம் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒரு குமாஸ்தா. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளியன்று, தம் காகிதம் ஒன்று விரைந்து நகர வேண்டும் என விரும்பிய ஒருவர், நாம் வெளியே சென்றிருந்த வேளையில் வீட்டில் ஓர் இனிப்புப் பெட்டியைக் கொடுத்துச் சென்றார். பெட்டியின் அடியில் ஓர் உறை இருந்தது. மூத்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய சமயம் அது. உண்மையை மறைப்பானேன்? அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்து, அத்தொகையையும் கட்டணத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். விடிந்ததும் நம் மனைவி ஒன்றும் பேசாமல் அப்பெட்டியை முன்போலவே நூலால் கட்டி, நமது சாப்பாட்டுப் பையின் அருகில் வைத்திருந்தார். அதைக் கொடுத்தவரிடமே சேர்ப்பித்தோம். லாலோவின் கதையை அப்போது நாம் அறியோம். பின்னர் ஒரு சீக்கிய நண்பர் சொல்லக் கேட்டபோது, அந்த இரவே நினைவில் எழுந்தது. நாம் இக்கட்டுரையை எழுதக் காரணமும் அதுவே.

லாலோவின் வாழ்வில் துன்பமும் வந்தது. பாபரின் படைகள் 1520-21 ஆம் ஆண்டை ஒட்டிச் சைத்பூரைத் தாக்கிச் சூறையாடின. ஆண் பெண் பேதமின்றி மக்கள் பெருந்துயருற்றனர். அக்கொடுமையைக் கண்டு உள்ளம் வெதும்பிய குரு நானக் பாடிய பதிகங்களுள் ஒன்று, லாலோவைப் பெயர் சொல்லி விளித்தே அமைந்திருக்கிறது. திலங் ராகத்தில் அமைந்த அப்பாடல் சீக்கியரின் திருமறையான குரு கிரந்த சாகிபில் இடம் பெற்றுள்ளது. நாடாளும் மன்னனின் அநீதியை எடுத்துரைக்கையில், குருநாதர் தம் மனக்குறையைக் கொட்டியது ஓர் அமைச்சரிடமோ பண்டிதரிடமோ அன்று, ஒரு தச்சரிடம். ஒரு நூலும் எழுதாத லாலோவின் பெயர் திருமறையில் நிலைத்து நிற்பதைவிட உயர்ந்த சிறப்பு வேறு என்ன வேண்டும்?

உழைத்து உண்ணல், இறைவனை நினைத்தல், பகிர்ந்து உண்ணல் ஆகிய மூன்றும் குரு நானக்கின் உபதேசத்தில் தலையாயவை. அவரும் தம் இறுதிக் காலத்தில் கர்த்தார்பூரில் ஏர் பிடித்து உழுது உண்டு, 1539 ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அம்மூன்றையும் தம் இல்லறத்தில் கடைப்பிடித்தவர் லாலோ. அவர் நினைவைப் போற்றும் கிணறு ஒன்று எமினாபாத்தில் குருத்துவாராவாக விளங்குகிறது. தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்ட ராம்கடியாச் சீக்கியர் அவரைத் தம் பெருமையாகக் கொண்டாடுகின்றனர். 1896 ஆம் ஆண்டில் தொடங்கிய உகாண்டா ரயில் பாதை வேலைக்குக் கடல் கடந்து சென்ற பஞ்சாபியருள் இத்தகைய தொழிலாளர் பலர் இருந்தனர்.

நம் மாட்டுங்காவிலும் 1915 ஆம் ஆண்டு முதல் ரயில் பெட்டிப் பணிமனை இயங்கி வருகிறது. பெட்டிகள் மரத்தால் ஆன நாட்களில் அங்கு உளியோசை ஓயாது ஒலித்திருக்கும். அந்த மரப் பெட்டிகளில் பயணம் செய்துதான் நம் முன்னோர் பலர் இந்நகருக்குப் பிழைக்க வந்தனர். அவற்றைச் செப்பனிட்ட கைகளின் பெயர்கள் நமக்குத் தெரியா.

இன்று நம் சங்கத்தின் ஆண்டு விழாப் பந்தியில் இலை போட்டு அமர்வோம். பெருந்தொகை அளித்த வள்ளல்களின் பெயர்கள் மலரின் முதற் பக்கங்களில் உள்ளன. அவர்களுக்கு நன்றி உரியது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பத்தும் இருபதும் கொடுத்தோரின் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. நம் குழந்தைகள் முதல் கவளத்தை எடுக்குமுன் அக்கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை வாசித்துக் காட்டுவோமாக. சைத்பூர்த் தச்சருக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவேயாகும்.