ருடால்ப் டீசல்

டீசல் என்ற சொல்லைத் தினந்தோறும் உச்சரிப்போர் பலர். அது ஒரு மனிதரின் பெயரென அறிந்தோர் சிலரே. மோட்டார் யந்திரம் சண்டித்தனம் செய்யுங்கால் அதை வைது தீர்க்கும் நம்மவர், அதன் பொருட்டு உடலையும் பொருளையும் இழந்தவரின் சரித்திரத்தை அறிதல் தகும்.

ருடால்ப் டீசல் 1858-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூளவே, குடும்பம் லண்டனில் புகலடைந்தது. பின்னர் அவர் ஆக்ஸ்பர்க்கிலும் மூனிச்சிலும் பயின்று, 1880-ல் மிகச் சிறப்பாகத் தேறினார். அக்காலத்து நீராவி யந்திரங்கள் கரியின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றின. இவ்விரயமே அவர் மனத்தை உறுத்திற்று.

காற்றை மட்டும் உருளைக்குள் மிகுதியாய் அழுத்தினால் அது கடுஞ்சூடேறும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறியின் உதவியின்றியே எரியும். இதுவே அவர் கண்ட உபாயம். 1893 ஆகஸ்டில் நடந்த முதற் பரீட்சையில் அழுத்தமானி வெடித்துச் சிதறிற்று. 1894 பிப்ரவரியில் யந்திரம் தானாகவே ஒரு நிமிஷம் ஓடிற்று. 1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருள் சக்தியில் 26 சதவீதம் வேலையாக மாறியது தெரியவந்தது. உலகம் வியந்தது, டீசலிடம் செல்வம் குவிந்தது.

ஆனால், பரீட்சைச் சாலையில் ஓடுவது வேறு, பிறர் கையில் பழுதின்றி ஓடுவது வேறு. எண்ணெயைச் சிதறடிக்கும் துவாரங்கள் அடைத்துக்கொண்டன. அதைப் பீய்ச்சும் காற்றழுத்தப் பொறி அடிக்கடி பழுதாயிற்று. வாங்கியோர் சிலர் யந்திரத்தைத் திருப்பியே அனுப்பினர். வழக்குகளும் நஷ்டங்களும் சேர்ந்து டீசலின் தேகநிலையைக் குலைத்தன. 1913-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறியவர், இரவில் மறைந்தார். சில தினங்களுக்குப்பின் கடலில் மிதந்த உடலின் பையிலிருந்த பொருள்களை அவர் மைந்தர் அடையாளங் கண்டார்.

அந்தக் காற்றழுத்தப் பொறியின் பளுவே மோட்டார் வண்டிக்குத் தடையாயிருந்தது. 1927-ல் பாஷ் தொழிற்சாலை எண்ணெயை நேரே உந்தும் சிறு பம்பைச் செய்து விற்கத் தொடங்கியதும் வழி பிறந்தது. 1936-ல் மெர்ஸிடிஸ் 260 டி என்ற கார் வெளிவந்தது: நான்கு உருளைகள், இரண்டரை லிட்டர் கொள்ளளவு, 45 குதிரைச் சக்தி. அதைக் காண டீசல் இல்லை.

இன்றைய டீசல் கார்களில் எண்ணெய் 2000 வளிமண்டல அழுத்தத்துக்கு மேலும் பாய்கிறது. எனினும், எண்ணெயில் நீரோ தூசியோ கலந்தால் பீய்ச்சுகுழல் கெடுதல் என்ற பழைய வியாதி இன்னும் தீர்ந்தபாடில்லை. வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவோர் பிழைக்கின்றனர். மற்றவர் பட்டறைக்குப் பணங்கட்டுகின்றனர்.

யுக்தியைக் கண்டவனைப் புகழும் உலகம், அதைப் பழுதின்றி ஓட்டிக் காட்டுமளவும் அவனுக்குப் பொறுமையும் பொருளும் அளிப்பதில்லை. அந்த அவகாசமே அவனுக்குச் செய்யும் மெய்யான மரியாதை என்பது நமது துணிபு.