தாள்களைக் காத்த தொழிலாளி ஜோ லாபடி

மன்னர்தம் ஆணைகள் கல்லிலும் செம்பிலும் நிலைத்து நிற்கின்றன. உழைப்பவன் தன் உரிமைக்காக எழுந்து நின்ற நாளுக்கோ, மறுநாள் குப்பையில் சேரும் ஒரு துண்டறிக்கையே பெரும்பாலும் சான்றாகும். அத்தகைய தாள்களைச் செல்வமெனப் போற்றிய ஒருவரின் வாழ்வை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஜோ லாபடி 1850 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். பிரெஞ்சுக் குடியேறிகளின் குருதியும் அந்நாட்டுப் பழங்குடியினரின் குருதியும் கலந்த மரபினர். பொட்டாவாடமிப் பழங்குடி மக்களிடையே வளர்ந்த அவர் பள்ளியில் பயின்றது சில மாதங்களே. 1866 இல் அச்சுத்தொழில் பழகச் சென்றார். அச்சுக்கூடமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று.

1872 இல் டெட்ராய்ட் நகரில் குடியேறி அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். 1878 இல் ‘நைட்ஸ் ஆப் லேபர்’ என்னும் தொழிலாளர் அமைப்பின் கிளையை அந்நகரில் முதன்முதலாக நிறுவினார். பின்னர் மிச்சிகன் தொழிலாளர் கூட்டமைப்பின் முதல் தலைவருமானார். 1883 முதல் அரசின்மைக் கொள்கையை ஏற்றாராயினும் வன்முறையை நாடியவர் அல்லர்.

அது போராட்டங்கள் மலிந்த காலம். 1877 இல் இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டையே உலுக்கியது. 1886 மே மாதத்தில் எட்டுமணி நேர வேலை கோரி இலட்சக்கணக்கானோர் எழுந்தனர். சிகாகோவின் ஹேமார்க்கெட் நிகழ்ச்சியை அடுத்து, 1887 நவம்பர் 11 இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இத்தகைய காலத்தின் துண்டறிக்கைகள், சிறு நூல்கள், இதழ்கள், கடிதங்கள் அனைத்தையும் லாபடி சேர்த்துவந்தார். அவர்தம் துணைவியார் சோபி கணவரின் கொள்கையை ஏற்காத கத்தோலிக்கப் பெண்மணி. எனினும் அத்தாள்களைக் கண்ணெனக் காத்தவர் அவரே.

1908 இல், கொள்கையின் பொருட்டு நகரக் குடிநீர் வாரியம் லாபடியை எழுத்தர் பணியிலிருந்து நீக்கியது. மக்கள் கொதித்தெழவே மீண்டும் பணியில் அமர்த்தியது.

1911 இல் அவர்தம் சேகரிப்பு முழுவதும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆயினும் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1924 இல் ஆக்னஸ் இங்கிலிஸ் என்னும் அம்மையார் வந்து, 1952 இல் தாம் மறையும்வரை அவற்றை வகைப்படுத்திப் பெருக்கினார். லாபடி 1933 இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அத்தொகுப்பை ஆய்வாளர்கள் இன்றும் நாடிச் செல்கின்றனர்.

அன்பார்ந்த இளைஞர்களே! பள்ளிக்கும் பாதைக்கும் கிணற்றுக்கும் நம் முன்னோர் எழுதிய விண்ணப்பங்கள் எத்தனை! அவர்கள் அச்சிட்ட மாநாட்டு அறிக்கைகள் எத்தனை! அவற்றுள் கறையானுக்கு இரையானவை போக எஞ்சியவை நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைத் தேடி எடுங்கள். ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். சில மாதங்களே பள்ளி சென்ற ஓர் அச்சுத் தொழிலாளியால் இயன்றது, கற்ற நமக்கு இயலாதா?