கொல்லர் மகன் ஹோண்டா

பிள்ளைகளே, மோட்டார் சைக்கிள்களில் ‘ஹோண்டா’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியுமா?

சோய்ச்சிரோ ஹோண்டா 1906 நவம்பர் 17 அன்று, ஜப்பானின் ஹமமாட்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். துருத்தி ஊதி, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துப் பொருள் செய்வார். அப்படி அடிக்கும்போது இரும்பின் உள்துகள்கள் நெருங்கி, பொருளின் வடிவத்தை ஒட்டியே வரிசையாகப் படியும். அதனால் எளிதில் உடையாது. இரும்பில் பொருள் செய்ய இன்னொரு வழி, வார்ப்பு. இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதுபோல, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவது. எந்த வடிவமும் வரும். ஆனால் உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடலாம், அடிபட்டால் விரிசல் விடலாம்.

மகனைச் சோதித்தது இந்த வார்ப்புதான்!

15 வயதில் டோக்கியோவில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். முதலில் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்வது! பிறகு தொழிலைக் கற்று, 1928-ல் ஹமமாட்சுவில் அந்தப் பட்டறையின் கிளையைத் தொடங்கினார். நன்றாகச் சம்பாதித்தார். அதோடு நிற்காமல் பிஸ்டன் ரிங் செய்ய இறங்கினார். என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம் அது. புகை கசியாமல் தடுக்கும். வார்ப்பிரும்பில் செய்வார்கள்.

ஹோண்டா வார்த்த வளையங்களோ அப்பளம்போல நொறுங்கின. இரவு பகலாக உழைத்தும் பயனில்லை. சேமிப்பு கரைந்தது. கடைசியில் ஹமமாட்சு தொழில்நுட்பப் பள்ளிப் பேராசிரியரிடம் வளையத்தைக் கொண்டுபோனார். அதில் சிலிக்கன் போதவில்லை என்று தெரிந்தது. சிலிக்கன் குறைந்தால் இரும்பிலுள்ள கரி கிராஃபைட்டாகப் பிரியாது; இரும்பு கண்ணாடிபோல இறுகி உடையும். கொல்லர் மகனுக்கு இது தெரியவில்லை!

உடனே அந்தப் பள்ளியிலேயே மாணவராகச் சேர்ந்தார். வயது ஏறக்குறைய 30. தன்னைவிட மிகவும் இளையவர்களோடு உட்கார்ந்து படித்தார். தேர்வு மட்டும் எழுதமாட்டார். (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்!) 1937 இறுதியில் நல்ல வளையம் ஒன்று கிடைத்தது. ஆனால் டொயோட்டா நிறுவனம் 50 வளையங்களைச் சோதித்ததில் தேறியவை 3 மட்டுமே. மறுபடியும் பல ஆலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அலைந்து கற்றார். பிறகுதான் தொழில் நிமிர்ந்தது.

1945-ல் நிலநடுக்கத்தில் ஆலை சேதமடைந்தது. அதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டார். 1946-ல் ராணுவ ரேடியோவுக்கு மின்சாரம் தந்த சிறு என்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். சைக்கிள் ஓடியது! மறு ஆண்டு சொந்த என்ஜின் செய்தபோது, மணல் அச்சை விட்டுவிட்டு, உருகிய உலோகத்தை எஃகு அச்சில் அழுத்திச் செலுத்தும் முறையைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தார். அச்சு செய்யச் செலவு அதிகம். ஆனால் வார்த்த பாகங்களைச் சீவிச் செதுக்கும் வேலை குறைந்தது.

1948-ல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. 1961-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தில் 125 சி.சி., 250 சி.சி. பிரிவுகள் இரண்டிலும் ஹோண்டா வண்டிகளே வென்றன. 1991 ஆகஸ்ட் 5 அன்று அவர் காலமானார்.

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். என்ஜின்மேல் வரிவரியாகத் தகடுகள் தெரிகின்றனவா? சூட்டைத் தணிக்கும் அவை வார்ப்பில் வந்தவை. உள்ளே பிஸ்டனைத் தாங்கி உழைக்கும் கனெக்டிங் ராடோ பெரும்பாலும் காய்ச்சி அடித்துச் செய்தது. சம்மட்டிக்குப் பதில் ராட்சத இயந்திரம், அவ்வளவுதான்.