மஹாலியா ஜாக்ஸன் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்திலே, மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் மஹாலியா ஜாக்ஸன் அம்மையார் பிறந்தனர். ஐந்து வயதிலே தாயை இழந்த அவரைப் பெரிய தாயார் ஒருவர் கண்டிப்புடன் வளர்த்தனர். பள்ளிப்படிப்பு இடையிலே நின்றது. துணி வெளுத்தலும் வீட்டுவேலையும் பங்காயின.

ஆயினும் அவர்தம் செவிக்குக் குறைவில்லை. தம் பாப்டிஸ்டு ஆலயத்து ஞானப்பாட்டுக்கள் ஒருபுறம். அண்டைக் கோயிலிலே பறையும் தாளமும் முழங்க, மக்கள் கைகொட்டி ஆடித் துதிக்கும் ஆரவாரம் மற்றொருபுறம். பெரிய தாயார் இல்லாத வேளைகளில் பெஸ்ஸி ஸ்மித் என்பாரின் 'புளூஸ்' இசைத்தட்டுக்களையும் கேட்டனர். இம்மூன்றும் கலந்ததே பின்னாளில் உலகம் வியந்த அக்குரல்.

பதினாறாம் பிராயத்தில் சிக்காகோ சேர்ந்து, ஆலயப் பாடகர் குழுவில் அமர்ந்தனர். உடலசைத்து உரக்கப் பாடும் முறை கோயிலுக்கு ஒவ்வாதென்று கற்றோர் சிலர் முகஞ்சுளித்தனர். தாவீதரசன் பேழையின்முன் நடனமாடியதை அன்னார் மறந்தனர் போலும்! தாமஸ் டார்ஸி என்னும் பாட்டாசிரியரோ, தம் சுவிசேஷப் பாடல்களை இவர் வாயிலாகவே ஊரூராகப் பரப்பினார்.

ஈண்டு நாம் சற்று நின்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. வறுமை மிகுந்த அக்காலத்தில், 'புளூஸ்' பாடினால் பெரும்பொருள் வருமென்று பலர் அழைத்தனர். 1936-இல் மணந்த கணவரும் உலகியற் பாட்டுக்குத் திரும்புமாறு வற்புறுத்தினார். அம்மையார் இசைந்திலர். 'புளூஸ்' இழிந்ததென்று நாம் கருதவில்லை. அதுவும் அம்மக்களின் கண்ணீரே. ஆனால் பாடி முடித்த பின்னும் துயரம் தீராதிருக்கும் பாட்டு தமக்கு வேண்டாவென்பது அவர் துணிபு. சிகையலங்கார நிலையமும் பூக்கடையும் வைத்துப் பிழைத்தாரேயன்றி, அத்துணிபை விற்றிலர்.

1947-இல் பதிந்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' என்னும் இசைத்தட்டு இலட்சக்கணக்கில் விலைபோயிற்று. 1950-இல் நியூயார்க்கு நகரத்துக் கார்னிகி மண்டபம் அவரை வரவேற்றது. புகழும் பொருளும் வந்தும் நிறவெறி விட்டபாடில்லை; சிக்காகோவிலே வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது, சன்னல்களைத் துப்பாக்கியாற் சுட்டனர்.

மார்ட்டின் லூதர் கிங் போதகரின் அறப்போருக்கு அம்மையாரின் குரல் துணைநின்றது. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வாஷிங்டனிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்ட கூட்டத்தில், கிங் பேசுமுன் இவர் பாடினர். பேச்சினிடையே, தம் கனவைப் பற்றிச் சொல்லுமாறு இவரே குரல்கொடுத்துத் தூண்டினாரென அருகிருந்தோர் கூறுவர். 1968-இல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் விரும்பிய டார்ஸியின் பாடலை அடக்கத்திலே பாடும் துயரக் கடமையும் இவருக்கே வாய்த்தது.

இருதய நோயால் நலிந்தும் பயணத்தை நிறுத்திலர். 1971-இல் நம் இந்தியாவுக்கும் வந்தனர். 1972-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் சிக்காகோவை அடுத்த ஊரொன்றிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தனர். சிக்காகோவில் நடந்த இறுதி ஆராதனையிலே டார்ஸியின் அதே பாடலைப் பாடியவர், 'சோல்' இசையின் அரசியெனப் பெயர்பெற்ற அரேத்தா பிராங்க்ளின்.