பனியாறு தீர்த்த கடன்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணிப் படியிலே அமர்ந்திருந்தேன். பிதிர்க்கடன் முடித்தோர் கடலாடிவிட்டுக் கேணியின் நன்னீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். என் தந்தையாரின் அஸ்தியை நான் கரைத்ததும் இக்கடலிலேதான். கடல் கொண்டதைத் தருவதில்லை. ஆயின், கொண்டதைத் திருப்பித் தந்த பனியாறு ஒன்றுண்டு. அதன் தவணையை முன்னரே கணித்தவர் ஜேம்ஸ் டேவிட் போர்ப்ஸ்.

1809இல் எடின்பரோவிலே பிறந்தவர் அவர். நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட் இளமையிற் காதலித்தும் அடையப்பெறாத வில்லியமினாவே அவருடைய அன்னை. அவ்வன்னையைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்த போர்ப்ஸ், 1833இல், தம் 23ஆம் வயதிலே, எடின்பரோ சர்வகலாசாலையிற் பௌதிகப் பேராசிரியரானார்.

பனிக்கட்டியின் வலிமையை அளத்தல் எளிதன்று. சம்மட்டியால் அடித்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும். நெடுநாள் பாரம் ஏற்றினாலோ மெழுகுபோல் வளையும். வெப்பநிலை சற்று மாறினும் அளவு மாறும். அளந்துகொண்டிருக்கும்போதே உருகவும் கூடும். ஆதலால் போர்ப்ஸ் பனி கிடந்த இடத்துக்கே சென்றார். 1842ஆம் ஆண்டுக் கோடையில், அல்ப்ஸ் மலையிலுள்ள மேர் டி கிளாஸ் பனியாற்றிலே குறிகளிட்டு, நில அளவைக் கருவியால் நோக்கினார். பனி இரவும் பகலும் நகர்வதையும், ஓரத்தினும் நடுப்பகுதி விரைந்து செல்வதையும் கண்டார். பனியாறு பாகுபோல் வழிகின்றது என்பது அவர் முடிபு. உடைந்து உடைந்து மீண்டும் ஒட்டியே பனி நகர்கின்றதென டிண்டால் மறுத்தார். வாதம் கசப்பாக வளர்ந்தது.

அதற்கிடையே வேறொரு சோதனை காத்திருந்தது. 1820இல் மொன்ட் பிளாங்க் மலையிலே பனிச்சரிவொன்று மூன்று வழிகாட்டிகளை வெடிப்பினுள் வீழ்த்திற்று. உடல்கள் கிடைக்கவில்லை. பனியின் வேகத்தைக் கணக்கிட்ட போர்ப்ஸ், ஏறத்தாழ 40 ஆண்டுகளில் அவை அடிவாரத்தே வெளிப்படும் என்றுரைத்தார். 1861இல் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அவர்களுடைய எச்சங்கள் வெளிவரலாயின. அன்று உயிர்தப்பிய தோழர் ஒருவர், முதுமையிலே வந்து அவற்றை அடையாளங் கண்டார்.

போர்ப்ஸ் 1868இல் மறைந்தார். 1950களில் ஜோன் கிளென் ஆய்வுகூடத்திலே பனியை அமுக்கி அளந்து, தகைப்பு இருமடங்கானால் உருமாறும் வேகம் ஏறத்தாழ எட்டுமடங்காகும் என்று காட்டினார். போர்ப்ஸ் எண்ணியதுபோல் அது வெறும் பாகன்று. ஆயினும், பனி வழிகின்றது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைத்தது.

அளவை வறண்ட கலை என்று என் மாணவர் முறையிடுவதுண்டு. நாற்பதாண்டு காத்திருந்த ஓர் ஊருக்கு அதன் பிள்ளைகள் எப்போது மீள்வர் என்று சொன்னதும் அந்த அளவைதான். இனி அவர்களுக்கு இக்கதையைச் சொல்வேன். கேணியில் மூழ்கி எழுந்தேன், வீடு திரும்பினேன்.