ஈஸ்டின் மூச்சைக் கண்டவர்

டேவிட் கெய்லின் 1887-ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவராகும் எண்ணத்துடன் பெல்ஜியத்தில் படிக்கச் சென்றார். ஆஸ்துமா நோய் இடம் தரவில்லை. பின்னர் பாரிசில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது நுழைந்த கூடத்தில் கொல்லெரி என்னும் பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். அன்றுமுதல் கெய்லின் உயிரியலுக்கு உரியவரானார். தம் மூச்சுக்கே போராடியவர் உயிரணுவின் மூச்சை ஆராய நேர்ந்தது விந்தைதான்!

1915-இல் கேம்பிரிட்ஜ் வந்து ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தார். குதிரையின் வயிற்றில் புழுவாக வளரும் ஈ ஒன்றின் தசைகளை நிறமாலைக்காட்டியில் பார்த்தபோது நான்கு கரும்பட்டைகள் தெரிந்தன. அதே பட்டைகள் ஈஸ்டிலும் இருந்தன. ஈஸ்டுக் கரைசலைக் காற்றுடன் குலுக்கினார், பட்டைகள் மறைந்தன. சற்று நேரம் அசையாமல் வைத்தார். ஈஸ்டு ஆக்சிஜனைச் செலவழித்ததும் அவை மீண்டும் தோன்றின. சயனைடு சேர்த்தபின் குலுக்கினாலோ முன்போல் மறையவில்லை. உயிரணு சுவாசிப்பதைக் கண்ணாலேயே கண்டுவிட்டார் கெய்லின்! 1925-இல் அந்நிறமிக்குச் 'சைட்டோகுரோம்' என்று பெயரிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மக்மன் என்ற அயர்லாந்து மருத்துவர் இதைக் கண்டு, பெரியவர்களின் மறுப்பால் ஒதுக்கப்பட்டிருந்தார். அவருக்குரிய பெருமையைக் கெய்லின் மறைக்கவில்லை.

1938-இல் மான் என்பவருடன் சேர்ந்து மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கொண்ட புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதன் வேலை என்ன? விடை தெரியாமலேயே 1963-இல் மறைந்தார். 1969-இல்தான் மக்கார்டும் பிரிடோவிச்சும், அது சூப்பராக்சைடை அழிக்கும் நொதி என்று காட்டினர்.

சூப்பராக்சைடு என்பது ஓர் எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜன். கெய்லின் கண்ட அதே சுவாசச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான் கசியும்போதுதான் அது பிறக்கிறது; சோறு வடித்த அடுப்பிலிருந்தே பொறி தெறிப்பதைப் போல. ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் அதற்கு முதலில் இரையாகும் நொதிகளுள் ஒன்று அக்கோனிடேஸ். நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட அதன் கொத்திலிருந்து ஓர் இரும்பு கழன்றுவிடும், நொதி செயலிழக்கும், சிட்ரிக் அமிலச் சுழற்சி தடுமாறும். கழன்ற இரும்பும் சும்மா இருப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கூடி, அதனினும் கொடிய ஹைட்ராக்சில் உறுப்பை உண்டாக்குகிறது.

இதைத் தடுக்க மைட்டோகாண்டிரியாவினுள் மாங்கனீசு கொண்ட காவல் நொதி ஒன்று இருக்கிறது; கெய்லின் பிரித்தெடுத்ததற்கு அது தொழிலால் உறவு. அந்நொதியை இழந்த ஈஸ்டு, ஆக்சிஜன் மிகுந்த சூழலில் வளர முடியாமல் திணறுகிறது.